அன்றாட அரிசியிலும் மாவிலும் இரும்புச்சத்தைக் கூட்டுவது எப்படி

இரும்புச்சத்து என்றதும் நம் வீடுகளில் முதலில் பேச்சுக்கு வருவது முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும்தான். இரண்டும் நல்ல உணவுகளே. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்கிப் பொரியல் செய்துவிட்டு, மற்ற நாள்களை வெள்ளைச் சோறும் இட்லியும் சப்பாத்தியுமாகக் கழிக்கும் குடும்பத்தில், அந்த ஒரு நாள் கீரையால் பெரிய மாற்றம் எதுவும் வந்துவிடாது. தீட்டிய அரிசி 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இருப்பதில்லை. மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் தேவைப்படுகிறது. தட்டில் எது மிகுதியாக விழுகிறதோ அதில் சிறிது கூட்டினால் அந்தக் கூடுதல் ஆண்டு முழுவதும், யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாமலேயே, உடலில் சேர்ந்துகொண்டிருக்கும். அரிசி, மாவு போன்ற அடிப்படை உணவுகளைச் செறிவூட்டுவதன் பயன் இதுதான்; அதை ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் எப்படிச் செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும் முன் ஒரு பரிசோதனை

சோர்வு, மூச்சு வாங்குதல், முடி உதிர்தல் ஆகியவற்றை மட்டும் வைத்து இரும்புக் குறைபாடு என்று முடிவு கட்டிவிட முடியாது. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்போது, ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் அளவையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் ரத்தசோகை. ஆனால் ஹீமோகுளோபின் குறைவதற்கு வெகு முன்பே உடலின் இரும்புச் சேமிப்பு கரையத் தொடங்கிவிடும். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். என் மகளுக்குப் பத்தொன்பது வயதில் ஹீமோகுளோபின் 12.1 என்று வந்ததும் நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம். அதே தாளின் அடுத்த பக்கத்தில் ஃபெரிட்டின் 9 என்று அச்சாகியிருந்ததை இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். வளர்ந்தவர்களுக்கு அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், உடல் தேறிய பிறகு எடுப்பது நல்லது.

பரிசோதனையை வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தலசீமியா என்னும் பரம்பரை ரத்தக் கோளாற்றின் மரபணுவைச் சுமப்பவர்களின் சிவப்பணுக்களும் இரும்புக் குறைபாட்டில் இருப்பதைப் போலவே சிறுத்தும் வெளிறியும் இருக்கும். ஆனால் அவர்களிடம் இரும்பு குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூரில் இத்தகையவர்கள் குறைவில்லை. சும்மா சுமப்பவர்களாக மட்டும் இருந்தால் செறிவூட்டிய உணவு பொதுவாகத் தடையில்லை. தலசீமியா நோயாளிகளுக்கும், உடலில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவரின் அனுமதி வேண்டும். மேலும், ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புக் குறைபாடு இருப்பது தெரியவந்தால், உணவை மாற்றுவதற்கு முன்பு குடலில் எங்காவது ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சோற்றில் சத்தைக் கூட்டிக்கொண்டே போய் உண்மையான நோயைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

அரிசி

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஊருக்குப் போய் வந்த உறவினர் ஒருவர் செறிவூட்டிய அரிசி ஒரு பொட்டலம் கொண்டு வந்து கொடுத்தார். மறுநாள் காலை என் மாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செய்தித்தாளை விரித்து, அரிசியைப் பரப்பி, லேசாக மஞ்சளோடிய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். "பிளாஸ்டிக் அரிசியைக் கலந்து கொடுத்திருக்கிறான் பார்" என்றார். அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து எடுத்தெறிய இருந்தது அந்தப் பொட்டலத்தில் சேர்த்திருந்த இரும்பு அத்தனையையும்தான்.

அந்த மணிகள் உருவாகும் முறை இது: அரிசியை மாவாக்கி, அதில் இரும்புச் சேர்மம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து பிசைந்து, இயந்திரத்தில் அழுத்தி மீண்டும் அரிசி வடிவத்துக்குக் கொண்டுவந்து உலர்த்துகிறார்கள். இந்தியாவின் வழக்கப்படி நூறு பங்கு சாதாரண அரிசிக்கு ஒரு பங்கு இத்தகைய மணி சேர்க்கப்படுகிறது. நிறத்திலும் பளபளப்பிலும் சிறிது வேறுபடுவதால் கண்ணில் படுகின்றன. உலையில் போட்டால் மற்ற சோற்றோடு சேர்ந்து வெந்து குழைந்துவிடும். பிளாஸ்டிக் வெந்து குழையாது என்பதையே என் மாமியாருக்கு ஒரு கரண்டி அரிசியை வேகவைத்துக் காட்டி விளக்க வேண்டியிருந்தது.

இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு சேர்க்கப்பட வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு 150 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிட்டால் அதிலிருந்து கூடுதலாக நான்கு முதல் ஆறு மில்லிகிராம் வரை கிடைக்கும். சாதாரண வெள்ளையரிசியில் அதே அளவுக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய வேறுபாடு. இத்தகைய பொட்டலங்களில் நீல நிறத்தில் ‘எஃப்’ என்ற எழுத்தும் கூட்டல் குறியும் சேர்ந்த முத்திரை இருக்கும். முஸ்தஃபா போன்ற பெரிய கடைகளிலும் சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளிலும் இந்தியாவிலிருந்து வரும் பொட்டலங்களைத் திருப்பிப் பாருங்கள். முத்திரை இல்லாத பொட்டலத்தில் இரும்பு சேர்த்திருப்பார்கள் என்று நீங்களாக ஊகிக்க வேண்டாம். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் சிவப்புப் பிரமிடுச் சின்னம் உள்ள அரிசியை நானும் வாங்குகிறேன், ஆனால் இரும்பு சேர்த்திருப்பதற்கு அது அடையாளம் அன்று.

கழுவுவதில்தான் பலர் தவறுகிறார்கள். மணியாக வார்த்துச் சேர்த்த அரிசியை ஒருமுறை, இருமுறை கழுவினால் பெரிய இழப்பில்லை. ஆனால் சத்துப் பொடியை அரிசியின்மேல் தூவி விற்கும் வகையும் உண்டு. அதைக் கழுவினால் பொடி தண்ணீரோடு போய்விடும். அமெரிக்காவில் சத்துச் சேர்த்து விற்கும் அரிசிப் பொட்டலங்களில் கழுவ வேண்டாம் என்று அச்சிட்டிருப்பதற்குக் காரணம் இதுவே. எந்த வகையானாலும், நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டுவதைவிட, ரைஸ் குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்து வற்றவிடுவதே சரி. பிரியாணிக்கு அரிசியை அரைவேக்காட்டில் வடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், அதற்குச் சாதாரண பாஸ்மதியையே பயன்படுத்துங்கள். விலை கொடுத்து வாங்கிய சத்தை வடிகட்டியில் ஊற்ற வேண்டியதில்லை.

கோதுமை மாவும் பொட்டலத்தின் பின்பக்கமும்

கோதுமை மாவில் ஒரு வசதி உண்டு. அதில் எதைச் சேர்த்தாலும் முழுவதும் சப்பாத்திக்குள்ளேயே தங்கிவிடும்; கழுவுவதும் இல்லை, வடிப்பதும் இல்லை. இந்திய விதிப்படி செறிவூட்டிய ஆட்டாவிலும் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு சேர்க்கிறார்கள். மூன்று சப்பாத்திக்குச் சுமார் 90 கிராம் மாவு என்று வைத்துக்கொண்டால், இரவு உணவில் மட்டும் இரண்டரை முதல் நான்கு மில்லிகிராம் வரை கூடுதலாகச் சேரும்.

எவ்வளவு என்பதோடு எந்த வடிவத்தில் என்பதும் முக்கியம். பொட்டலத்தின் பின்பக்கம் சேர்மத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். ஃபெரஸ் சல்ஃபேட்டும் ஃபெரஸ் ஃபியூமரேட்டும் உடலில் நன்றாகச் சேரும். ஆனால் முன்னது மாவில் உள்ள கொழுப்பை விரைவில் காறச் செய்யும். அரிசியில் பெரும்பாலும் சேர்க்கப்படும் ஃபெரிக் பைரோஃபாஸ்ஃபேட் வெண்ணிறமானது, சோற்றின் நிறத்தைக் கெடுக்காது, ஆனால் எளிதில் கரைவதில்லை என்பதால் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. முழுக்கோதுமை மாவுக்கு என் தெரிவு சோடியம் அயர்ன் இடிடிஏ என்று எழுதியிருக்கும் பொட்டலமே. தவிட்டில் உள்ள ஃபைட்டிக் அமிலம் மற்ற இரும்புச் சேர்மங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தச் சேர்மம் அதன் பிடியிலிருந்து பெருமளவு தப்பிவிடுகிறது. விதிகளில் இதற்கு மட்டும் கிலோவுக்கு 14 முதல் 21.25 மில்லிகிராம் என்று பாதி அளவு வைத்திருப்பதைப் பார்த்து, குறைவாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

காலைத் தானிய உணவுப் பெட்டிகளில் சிலவற்றில் ‘ரெட்யூஸ்டு அயர்ன்’ என்று போட்டிருக்கும். அது மிக நுண்ணிய இரும்புத் தூள். ஒரு கைப்பிடித் தானியத்தை நொறுக்கித் தண்ணீரில் கரைத்து, வலுவான காந்தத்தால் துழாவினால் கரும்பொடி ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை. அறிவியல் வகுப்புக்கு உதவும் இந்த இரும்பு உடலுக்கு அவ்வளவு தாராளமாக உதவுவதில்லை. காந்தத்தில் ஒட்டாத பொருளில் இரும்பு இல்லை என்றும் நினைக்கக் கூடாது. மேலே சொன்ன உப்புகள் எதுவும் காந்தத்தில் ஒட்டாது.

செறிவூட்டிய மாவு நம் ஊர்ப் புழுக்கத்தில் நெடுநாள் தாங்காது. இரும்பு எங்கும் போய்விடாது, ஆனால் கொழுப்பு காறி வாடை வரும், ஃபோலிக் அமிலமும் குறையும். ஐந்து கிலோ மூட்டை மலிவு என்று வாங்குவதைவிட, இரண்டு கிலோவாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. செறிவூட்டிய மாவு கிடைக்கவில்லை என்பதற்காக இரும்பு மாத்திரைகளைப் பொடித்து மாவில் கலந்து பிசையக் கூடாது. கையால் பிசையும்போது அது எல்லா உருண்டைகளிலும் சமமாகப் பரவாது. ஒரு சப்பாத்தியில் ஒன்றுமில்லாமலும் இன்னொன்றில் முழு மாத்திரையும் இருக்கலாம். குழந்தையின் உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்பு போனாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். 60ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மாத்திரைப் போத்தலைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதற்கும் இதே காரணந்தான்.

இட்லி மாவு

செறிவூட்டிய இட்லி அரிசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை என்பதால், நான் கடைப்பிடிப்பது தானியத்தை மாற்றும் வழி. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று நனைப்பவர்கள், அரிசியில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அதற்குப் பதில் கம்பு சேர்க்கலாம். இதைப் பெரிய மந்திரமாகச் சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிராம் அரிசியில் இரும்பு ஒன்றேகால் மில்லிகிராம் அளவு. அதே எடைக் கம்பில் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிகிராம். ஒரு கிலோ தானியத்துக்கு ஐம்பது இட்லி தேறும் என்றால், நான்கு இட்லி சாப்பிடுபவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் இட்லியும் தோசையுமாக ஓடும் வீட்டில் அதுவும் சேரும்.

கம்பிலும் ஃபைட்டிக் அமிலம் உண்டு. அதைக் குறைப்பது புளித்தல். கம்பை எட்டு மணி நேரம் ஊறவைத்து அரைத்து, மாவை நன்றாகப் பொங்கும்வரை புளிக்கவிட வேண்டும். சிங்கப்பூர் வெப்பத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். குளிரூட்டி ஓடும் அறையில் வைத்தால் பொங்காது. அவசரத்துக்கு ஆப்பச் சோடா போட்டுப் பொங்கவைக்கும் மாவில் இந்தப் பயன் கிடைக்காது.

சத்துமாவு அரைப்பவர்கள் கேழ்வரகைப் பெரிதாக நம்புகிறார்கள். கேழ்வரகில் கால்சியம் அபாரமாக இருக்கிறது. இரும்பு 100 கிராமுக்கு நான்கு மில்லிகிராமைச் சிறிது தாண்டும், அவ்வளவுதான். அதிலிருந்தும் உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டுமானால் முளைகட்ட வேண்டும். ஒரு இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் வைத்து, முளை விட்டதும் மின்விசிறிக்கடியில் மெல்லிய பரப்பாக உலர்த்தி, அதன் பிறகே வறுத்து அரைக்க வேண்டும். முதலில் வறுத்தால் ஃபைட்டிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி வெப்பத்தில் அழிந்துவிடும்; பிறகு முளையும் வராது. நம் வீடுகளில் வெயிலில் காயவைக்க இடம் இல்லாததால் இரண்டு நாள்வரை ஆகலாம். ஈரவாடை வந்தால் இரக்கப்படாமல் கொட்டிவிடுங்கள்.

தே தாரிக்கும் எலுமிச்சையும்

தட்டில் எவ்வளவு கூட்டினாலும் உடல் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதைப் பக்கத்தில் இருக்கும் கோப்பையும் முடிவு செய்கிறது. தேநீரில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து கரையாத பொருளாக மாறிவிடுகிறது. உணவோடு குடித்தால் தாவர உணவிலிருந்து கிடைக்கும் இரும்பில் பாதிக்கும் மேல் வீணாகலாம். கோப்பிக்கும் இதே குணம் உண்டு. பாலில் உள்ள கால்சியம் இன்னும் சிறிது குறைக்கும். என் மகள் தினமும் பள்ளிக்கும் பின்னர்க் கல்லூரிக்கும் போகும் வழியில் பரோட்டாவோடு ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டுப் போவதை நாங்கள் யாரும் குற்றமாக எண்ணியதே இல்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் அவள் அதே தேநீரோடுதான் ஒரு மாதம் விழுங்கியிருக்கிறாள். தேநீரை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கச் சொன்னோம். அவள் இப்போது அதைப் பத்து மணி இடைவேளைக்கு மாற்றிக்கொண்டாள்.

எதிர்த்திசையில் வேலை செய்வது வைட்டமின் சி. அதைச் சோற்றோடு சேர்ந்தே உண்ண வேண்டும். காலையில் ஆரஞ்சுச் சாறு குடித்துவிட்டு மதியச் சோற்றுக்குப் பயன் எதிர்பார்க்க முடியாது. பருப்பை அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் சத்து வெப்பத்தில் குறையும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிறிய கலமான்சிக் காய்களும் இதற்குப் போதும். உணவுக்குப் பின் ஒரு துண்டுக் கொய்யாவோ பப்பாளியோ கொடுக்கலாம். அசைவம் உண்பவர்கள் சோற்றோடு சிறிது மீனோ ஆட்டிறைச்சியோ சேர்த்துக்கொண்டால், அதன் இரும்போடு சோற்றில் உள்ள இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும்.

இரும்புச் சட்டி

பூச்சு எதுவும் இல்லாத வார்ப்பிரும்புச் சட்டியில் புளிக்குழம்பையோ தக்காளித் தொக்கையோ நெடுநேரம் கொதிக்கவைத்தால் உணவில் இரும்பு இறங்கும். எத்தியோப்பியாவில் இரும்புப் பானையில் சமைத்து உண்ட குழந்தைகளின் ஹீமோகுளோபின், அலுமினியப் பானையில் சமைத்து உண்ட குழந்தைகளைவிட உயர்ந்ததாக 1999இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் எவ்வளவு இறங்கும் என்பதைச் சட்டியின் வயது, புளிப்பு, நேரம் என்று பலவும் தீர்மானிப்பதால், இதைத் துணையாக மட்டும் கொள்ளுங்கள். எண்ணெய் பழகிக் கறுத்துப் பளபளக்கும் தோசைக்கல்லிலிருந்து சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இறங்காது. சமைத்தவுடன் குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றாவிட்டால் கறுத்துத் துரு வாடை அடிக்கும்.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும்

ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் உள்ள இரும்பு குழந்தைக்குப் போதாது. பெரியவர்களுக்கான செறிவூட்டிய சோற்றை அது உண்ணும் அளவோ இரண்டு கரண்டி. இதற்காகவே ஸ்டான்லி ஸ்லாட்கின் என்னும் கனடா நாட்டு மருத்துவர் 1990களில் நாளொன்றுக்கு ஒரு சிறு உறை என்ற முறையில் சத்துப் பொடியை உருவாக்கினார். உறையொன்றில் பத்து முதல் 12.5 மில்லிகிராம் இரும்பு, வாய்க்கு இரும்புச் சுவை தெரியாதபடி கொழுப்புப் பூச்சோடு இருக்கும். மருத்துவர் இதைப் பரிந்துரைத்தால், குழந்தை முழுதாகச் சாப்பிட்டு முடிக்கும் அளவுக்கு நான்கைந்து கரண்டி கஞ்சியையோ மசித்த சோற்றையோ தனியே எடுத்து, அது குழந்தை உண்ணும் சூட்டுக்கு ஆறிய பிறகு பொடியைக் கலக்க வேண்டும். 60 பாகைக்கு மேல் சூடாக இருந்தால் பூச்சு உருகி, உணவின் நிறமும் சுவையும் மாறிவிடும். நீர்த்த பாலில் கலந்தால் பொடி மிதந்து ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கலந்ததை அரை மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும்; ஓர் உறையை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிடக் கூடாது. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். எந்தச் சோறும் சப்பாத்தியும் அந்த அளவைத் தராது, மாத்திரை தேவை. ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்களுக்கும் அப்படியே. சமையலறை மாற்றங்கள் மாத்திரையின் இடத்துக்கு வருவதில்லை. அதை நிறுத்திய பிறகு சேமிப்பு மீண்டும் கரையாமல் காப்பதே அவற்றின் வேலை.

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே மாற்றத்தைத் தொடங்கி மூன்று, நான்கு மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடியும் பாருங்கள். அதற்கு முன்பு பார்த்து மனம் தளர வேண்டாம். என் மகளுக்கு மாத்திரையும் சேர்ந்து நான்காவது மாதம் 31 வந்தது. என் மாமியார் இன்னும் அந்த மஞ்சள் மணிகளைக் கண்ணால் தேடுகிறார்; பொறுக்குவதை மட்டும் நிறுத்திவிட்டார்.